நைரோபியிலிருந்து ஜோகன்னஸ்பர்க்: 2,900 கிலோமீட்டரும் 4 மணி நேரமும்

கென்யாவின் தலைநகரான நைரோபிக்கும் தென்னாப்பிரிக்காவின் மிகப் பெரிய நகரமான ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், செல்பேசி ஒரு நொடியில் பதில் சொல்லிவிடும். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். விமானத்தில் 4 மணி நேரம். பதிலில் தவறில்லை. ஆனால் அந்த 2,900 எங்கிருந்து வந்தது, அந்த 4 மணி நேரத்தில் எதெல்லாம் அடங்கும், எதெல்லாம் அடங்காது என்று தெரிந்துகொண்டால்தான் அந்த எண்கள் நமக்கு உதவும். கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் இரு பெரிய வணிக நகரங்களை இணைக்கும் இந்த வழித்தடத்தை நன்றாகப் புரிந்துகொண்டால், அந்தக் கண்டத்தின் வேறு எந்த இரு நகரங்களுக்கும் அதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் தூரம். இதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். நைரோபியின் ஜோமோ கென்யாட்டா விமான நிலையம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 1.3 டிகிரியில், கிழக்குத் தீர்க்கரேகை 36.9-இல் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர்.டாம்போ விமான நிலையம் தெற்கே 26.1 டிகிரியில், கிழக்கே 28.2-இல். அட்சரேகை வித்தியாசம் 24.8 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்பதால், தெற்கு நோக்கி நாம் நகர வேண்டியது சுமார் 2,753 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் 8.7 டிகிரி. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்குபவை. இந்த இரு நகரங்களுக்கும் நடுவிலான பகுதியில் ஒரு டிகிரிக்கு 108 கிலோமீட்டர்தான். ஆக, மேற்கு நோக்கி 940 கிலோமீட்டர். இனி பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 2,909 வருகிறது. கோளத்தின் வளைவைக் கணக்கில் எடுத்துச் செய்யும் துல்லியமான கணக்கும் 2,910-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைந்த நகரங்களுக்கு இந்த எளிய முறை பெரிதாகப் பிசகாது. தூரம் மிகவும் நீளும்போதும் துருவங்களை நெருங்கும்போதும் மட்டும் இதை நம்பக் கூடாது.

இந்தியாவின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை 3,214 கிலோமீட்டர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அதைவிடச் சற்றே குறைவான தூரம் இது. அப்படியிருந்தும் உலக வரைபடத்தில் பார்த்தால் நைரோபியும் ஜோகன்னஸ்பர்க்கும் அவ்வளவு விலகி இருப்பதாகவே தோன்றாது. குற்றம் நம் கண்ணில் இல்லை. வகுப்பறைச் சுவரிலும் கணினித் திரையிலும் நாம் பார்த்துப் பழகியது பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில் வரைந்த வரைபடம். அது பூமத்திய ரேகையை ஒட்டிய நிலங்களை உள்ளபடி காட்டிவிட்டு, துருவங்களை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கிவிடுகிறது. லண்டனிலிருந்து மாஸ்கோ 2,500 கிலோமீட்டர்தான். நைரோபி, ஜோகன்னஸ்பர்க் தூரத்தைவிட 400 கிலோமீட்டர் குறைவு. ஆனால் அந்த வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள், லண்டன், மாஸ்கோ கோடுதான் நீளமாக இருக்கும், அதுவும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே பருமனில் தெரிவதும் இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். அதற்குள் 14 கிரீன்லாந்துகளை வைக்கலாம். ஆப்பிரிக்காவில் எந்தப் பயணத்தையும் வரைபடத்தைப் பார்த்துக் கண்ணளவில் மதிப்பிட வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். அந்தக் கண்டத்தைச் சிறியதாகவே பார்த்துப் பார்த்து, அங்குள்ள தொலைவுகளையும் சிறியதாகவே நினைக்கப் பழகிவிட்டோம்.

நைரோபியிலிருந்து நேர்கோடு போட்டால் அது தென்மேற்காகச் சற்றே சாய்ந்து இறங்கும். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே தான்சானியா வந்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் இடப்பக்க ஜன்னலில் 5,895 மீட்டர் உயரமான கிளிமஞ்சாரோ தெரியும். தெற்கே போகும்போது இடப்பக்கம், திரும்பி வரும்போது வலப்பக்கம். இருக்கை தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பிறகு தான்சானியாவின் தலைநகரான டொடோமாவுக்குச் சற்று மேற்கே கடந்து, மலாவி ஏரியின் வடமுனையைத் தொட்டு, சாம்பியாவின் கிழக்கு ஓரமாகப் போய், மொசாம்பிக்கில் சாம்பெசி ஆற்றைத் தடுத்துக் கட்டிய கஹோரா பாசா நீர்த்தேக்கத்தின் மேலே பறக்கிறது அந்தக் கோடு. அடுத்து ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேக்கு ஏறக்குறைய நேர் மேலே வருகிறது. கடைசியாக லிம்போபோ ஆறு. அதைத் தாண்டினால் தென்னாப்பிரிக்கா. விமானம் இந்தக் கோட்டின் மீது அப்படியே போகாது. வானத்திலும் வகுக்கப்பட்ட தடங்கள் உண்டு. ஒவ்வொரு நாட்டின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையமும் குறிப்பிட்ட புள்ளிகள் வழியாகத்தான் அனுப்பும். அதனால் சிறிது தூரம் கூடும். இந்த வழித்தடத்தில் அது பெரிய சுமை இல்லை.

இனி நேரம். பயணிகள் ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,900-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 25 நிமிடம்தானே, மீதி அரை மணி நேரத்துக்கு மேல் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றும். அந்த 850 நடுவானில் மட்டுமே கிடைக்கும் வேகம். மேலேறுவதற்கு 25 நிமிடம்போல ஆகும், இறங்கவும் அதே அளவு. அந்த நேரத்தில் வேகம் குறைவாகத்தான் இருக்கும். இது தவிர, விமான நிறுவனங்கள் டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்தில் தொடங்கி, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் கணத்தில் முடிவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பக் காத்திருப்பதும் அதில் அடக்கம். எந்த ஊருக்கும் தோராயமாக நேரம் தெரிய வேண்டுமானால், தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நைரோபி, ஜோகன்னஸ்பர்க் பயணத்துக்கு அப்படிப் பார்த்தால் 3 மணி 55 நிமிடம் வரும். அட்டவணையில் பார்க்கும் 4 மணி நேரத்துக்கு மிக அருகில் வந்துவிட்டோம்.

கிழக்கு மேற்காகப் பறக்கும் நீண்ட பயணங்களில் போகும் நேரமும் வரும் நேரமும் வெகுவாக வேறுபடும். மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்று ஒரு திசையில் தள்ளிவிடும், மறு திசையில் முகத்தில் அடிக்கும். இந்த வழித்தடம் வடக்கு தெற்காக இருப்பதால் அந்தக் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் படுகிறது. தெற்கே போகும்போது சில நிமிடம் கூடலாம், வடக்கே திரும்பும்போது சில நிமிடம் குறையலாம். நேரத்தை உண்மையிலேயே இழுத்தடிப்பது இடிமேகங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தான்சானியாவின் தென்பகுதியிலும் சாம்பியா, மலாவி பகுதிகளிலும் மழைக்காலம். விமானம் பறக்கும் உயரத்தையும் மீறி நிற்கும் மேகக் கோபுரங்களை விமானிகள் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலோ கோடைக்காலத்துப் பிற்பகல்கள் பெயர் போனவை. காலையில் பளீரென்று இருக்கும் வானம், மதியத்துக்கு மேல் திடீரென்று கறுத்து ஆலங்கட்டியோடு கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் பயணம் செய்பவர்கள், அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தால், காலை விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இந்த இரு நகரங்களுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. இரண்டுமே மேட்டு நிலத்தில் இருக்கின்றன. நைரோபி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,624 மீட்டர் உயரத்தில், ஜோகன்னஸ்பர்க் விமான நிலையம் 1,694 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். இறக்கைக்குத் தூக்குவிசை கொடுப்பதும் எஞ்சினுக்கு உந்துவிசை கொடுப்பதும் காற்றுதான். காற்று மெலிந்தால் விமானம் மேலெழ இன்னும் அதிக வேகம் வேண்டும், அந்த வேகத்தை எட்ட இன்னும் நீண்ட ஓட்டம் வேண்டும். இரண்டு இடங்களிலும் ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது இதனால்தான். 4 மணி நேரப் பயணத்துக்கு எரிபொருள் அதிகம் தேவையில்லை என்பதால் நைரோபி விமானத்துக்கு இது சிக்கலாவதில்லை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அமெரிக்கா வரை நிற்காமல் பறக்க வேண்டிய விமானங்களுக்குத்தான் தலைவலி. எடையைக் குறைத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நிலை அவற்றுக்கு வருவதுண்டு.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கென்யா உலகப் பொது நேரத்தைவிட 3 மணி நேரம் முன்னால் இருக்கிறது, தென்னாப்பிரிக்கா 2 மணி நேரம். இரு நாடுகளும் கோடை, குளிர் என்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆண்டு முழுக்க வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். நைரோபியில் காலை 9 மணிக்குக் கிளம்பினால் ஜோகன்னஸ்பர்க்கில் பகல் 12 மணிக்கு இறங்கலாம். பயணச்சீட்டில் 3 மணி நேரம்போலத் தெரியும். அங்கே பிற்பகல் 1 மணிக்குக் கிளம்பினால் நைரோபியில் மாலை 6 மணி ஆகிவிடும். 5 மணி நேரம்போலத் தெரியும். இரண்டும் அதே 4 மணி நேரப் பயணம்தான். நம் ஊர் நேரம் நைரோபியைவிட இரண்டரை மணி நேரமும், ஜோகன்னஸ்பர்க்கைவிட மூன்றரை மணி நேரமும் முன்னால்.

இந்த 4 மணி நேரம் எளிதில் வந்துவிடவில்லை. 1932-இல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனிலிருந்து கேப் டவுனுக்குத் தொடங்கிய சேவை நைரோபியையும் ஜோகன்னஸ்பர்க்கையும் தொட்டுச் சென்றது. டொடோமா, இம்பேயா, அன்று சாலிஸ்பரி என்று அழைக்கப்பட்ட ஹராரே என்று ஊர் ஊராக இறங்கி ஏறி, முழுப் பயணமும் முடியப் பத்து நாளுக்கு மேல் ஆனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் லண்டனுக்கு விமானம் விட்டபோது, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பியதும் முக்கியமாக இறங்கும் ஊர்களில் ஒன்று நைரோபி. அப்போது முழுப் பயணமும் மூன்று நாளாகச் சுருங்கியிருந்தது.

பிறகு வந்தது தடை. 1963-இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவானது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து, விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் அந்நாட்டு விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின, கென்யாவும் மூடியது. கண்டத்தின் குறுக்கே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் விமானங்கள், அட்லாண்டிக் பெருங்கடல் மீது சென்று, ஆப்பிரிக்காவின் மேற்குப் புடைப்பைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போக வேண்டியதாயிற்று. வழியில் கேப் வெர்தே தீவுகளில் உள்ள சால் என்ற சின்னஞ்சிறு தீவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டார்கள். அதிகத் தூரம் நிற்காமல் பறக்கக்கூடிய போயிங் 747எஸ்பி ரக விமானங்களை அந்த நிறுவனம் 1976-இல் வாங்கத் தொடங்கியதற்கும் இந்தச் சுற்றுவழி ஒரு முக்கியக் காரணம். 1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையானார். 1990-களின் தொடக்கத்தில் தடைகள் ஒவ்வொன்றாக விலகின, ஆப்பிரிக்க வானம் மீண்டும் திறந்தது. ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் அந்த நிறுவனத்தின் விமானிகளுக்கு நைரோபி இல்லாத வரைபடம்தான் இருந்தது. நிலத்தில் ஓர் அங்குலம்கூட நகராத இரு ஊர்களுக்கு நடுவே அரசியல் எவ்வளவு தொலைவை வைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. அந்தத் தொலைவை ஆப்பிரிக்க நாடுகள் வேண்டுமென்றே வைத்தன. நியாயமான காரணத்துக்காக வைத்தன.

இன்று கென்யா ஏர்வேஸ் முதலிய நிறுவனங்கள் இந்த இரு நகரங்களுக்கிடையே நிற்காமல் பறக்கின்றன. ஆனால் பயணச்சீட்டு தேடும்போது விலை குறைந்த வரிசையில் வேறு வழிகளும் கண்ணில் படும். அங்கேதான் தூரக்கணக்கு கைகொடுக்கும். எடுத்துக்காட்டாக, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக ஒரு சீட்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிஸ் அபாபா நைரோபிக்கு வடக்கே 1,160 கிலோமீட்டரில் இருக்கிறது. தெற்கே போக வேண்டியவர் முதலில் வடக்கே போய், அங்கிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வர வேண்டும். மொத்தம் 5,200 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. துபாய் வழி என்றால் 3,550-உம் 6,400-உம் சேர்ந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். காத்திருப்பையும் கூட்டினால் 4 மணி நேரப் பயணம் ஒரு முழு நாளை விழுங்கிவிடும். பணம் மிச்சமாவது உண்மை. எவ்வளவு நேரத்தைக் கொடுத்து அதைப் பெறுகிறோம் என்று தெரிந்து முடிவெடுக்கலாம்.

நைரோபிக்காரர்களுக்கும் ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கும் நேரடி விமானமாவது இருக்கிறது. ஆப்பிரிக்காவின் எத்தனையோ நகரங்களுக்கு அது கிடையாது. இரு நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, யார் வாரத்துக்கு எத்தனை முறை பறக்கலாம் என்று முடிவு செய்தால்தான் விமானம் கிளம்பும் என்ற பழைய ஏற்பாடுதான் பல இடங்களில் தடை. இதை மாற்ற 1999-இல் ஐவரி கோஸ்ட்டின் யமுசூக்ரோ நகரில் ஆப்பிரிக்க நாடுகள் ஒரு முடிவெடுத்தன: ஒருவர் வானத்தை மற்றவருக்குத் திறந்துவிடுவது. அது மெதுவாகத்தான் நடந்தது. 2018 ஜனவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம், ஒரே ஆப்பிரிக்க வான்போக்குவரத்துச் சந்தை என்ற திட்டத்தைத் தொடங்கியது. கென்யாவும் தென்னாப்பிரிக்காவும் அதில் இணைந்துள்ளன. தூரம் மிகக் குறைவாக இருந்தும் பயணம் கடினமாக இருப்பதற்கு உதாரணம் வேண்டுமென்றால் கின்ஷாசாவையும் பிரஸ்ஸாவில்லையும் பார்க்கலாம். இரு நாடுகளின் தலைநகரங்கள், காங்கோ ஆற்றின் இரு கரைகளில், ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் தொலைவில் இருக்கின்றன. நடுவில் பாலம் இல்லை. படகில்தான் கடக்கிறார்கள்.

சாலை வழியாகப் போக ஆசைப்படுபவர்களும் இருக்கிறார்கள். நேர்கோட்டில் 2,900 கிலோமீட்டராக இருந்தது, சாலையில் சுமார் 4,000 ஆகிவிடும். நைரோபியிலிருந்து நமங்கா எல்லையைக் கடந்து அருஷா, டொடோமா, இரிங்கா, இம்பேயா. பிறகு துண்டுமா எல்லை வழியாக சாம்பியாவுக்குள் நுழைந்து, வடக்குப் பெருஞ்சாலையில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் லுசாகா. அங்கிருந்து சிருண்டுவில் சாம்பெசி ஆற்றைக் கடந்து ஹராரே, மஸ்விங்கோ, கடைசியாக லிம்போபோ ஆற்றங்கரையில் பெய்ட்பிரிட்ஜ் எல்லை. அதைத் தாண்டினால் ஜோகன்னஸ்பர்க் இன்னும் 530 கிலோமீட்டர். ஐந்து நாடுகள், நான்கு எல்லைகள். ஐந்திலும் நம் ஊர்போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும் என்பது ஒரு வசதி. பகலில் மட்டும் ஓட்டி, நாளொன்றுக்கு 650 கிலோமீட்டர் போனாலும் ஆறு நாள் பிடிக்கும். அதையும் எல்லைகள் விட்டுவைப்பதில்லை. லாரி ஓட்டுநர்கள் எல்லையில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பது இந்த வழியின் பழைய துயரம். ஒரு நாட்டில் வெளியேறும் சோதனை, அடுத்த நாட்டில் நுழையும் சோதனை என்று இரண்டு முறை நிற்காமல் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளும் ஏற்பாடு, ஆப்பிரிக்காவில் முதன்முதலாக 2009 டிசம்பரில் சிருண்டுவில்தான் வந்தது. நமங்காவுக்கும் பின்னர் வந்தது.

ரயிலை நம்ப முடியாது. தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவின் கபிரி இம்போஷி வரை, சீன உதவியுடன் 1970-களில் போட்ட 1,860 கிலோமீட்டர் தசாரா பாதை இருக்கிறது. ஆனால் கென்யாவின் தண்டவாள அகலம் வேறு, தெற்கு ஆப்பிரிக்காவினுடையது வேறு. நைரோபியில் ஏறி ஜோகன்னஸ்பர்க்கில் இறங்க ஒரு ரயிலும் இல்லை.

விமானத்துக்கே திரும்புவோம். நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரை 4 மணி நேரம் என்றால், வீட்டிலிருந்து விடுதி வரை 9 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைரோபியின் போக்குவரத்து நெரிசல் கடுமையானது. 2022-இல் திறக்கப்பட்ட கட்டண மேம்பாலச் சாலை வழியாகப் போனால் நகரத்திலிருந்து விமான நிலையம் விரைவாக வந்துவிடலாம். கீழே உள்ள பழைய சாலையை மாலை வேளையில் நம்ப வேண்டாம். பன்னாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்விடுவது வழக்கம். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியதும் விமான நிலையத்துக்குள்ளேயே ஹௌட்ரெயின் என்ற விரைவு ரயில் நிலையம் இருக்கிறது; 2010-இல் தொடங்கியது; கால் மணி நேரத்தில் சாண்ட்டன் பகுதிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். இரு நகரங்களிலும் வேறு சிறிய விமான நிலையங்களும் உண்டு, நைரோபியில் வில்சன், ஜோகன்னஸ்பர்க்கில் லான்சேரியா. சீட்டில் எந்த விமான நிலையத்தின் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கென்யக் குடிமக்கள் 2023 ஜனவரி முதல் விசா இல்லாமலே 90 நாள் வரை தென்னாப்பிரிக்கா போய்வரலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விதிகளைத் தனியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு காகிதத்தை மட்டும் யாரும் மறக்கக் கூடாது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். கென்யாவிலிருந்து வருபவர்களிடம் தென்னாப்பிரிக்கா அதைக் கேட்கும். கென்யாவிலிருந்து நேராக ஊர் திரும்பினால் இந்தியாவிலும் கேட்பார்கள்; இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு அனுமதி உண்டு. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். விமானச் சீட்டு எடுக்கும் அன்றே அதற்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.